பெண் பார்க்க வந்தவர்கள் எங்கே?

கீரனூரில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு ஏழெட்டுப் பெண்கள் கூடிக் கதை வாசிக்கிறோம். பழநிக்கும் உடுமலைக்கும் பஸ் ஏறிக் கல்லூரி போய்வருகிற பிள்ளைகள் பாதிப்பேர். மில்லுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். பேரன் எடுத்துவிட்ட ஓர் அக்காவும் உண்டு. மாசியில் ஒரு ஞாயிறு அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதையை எடுத்துக்கொண்டோம். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். முடிந்ததும், "என்ன மொழிக்கா!" என்றாள் ஒரு பெண். நெருப்பைப் பற்றியும் எண்ணெய்க் குளியலைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு பேச்சு அந்த அம்மாவிடம் வந்தது. இப்படியும் ஒரு அம்மா இருப்பாளா, பெற்ற பிள்ளையை அந்த நேரத்தில் அப்படிக் கேட்க எப்படி மனசு வரும், என் அம்மாவும் இப்படித்தான், என் அம்மா இதைவிட மோசம். முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் 'கறுப்பு' என்ற சொல்லை ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை.

கூடியிருந்தவர்களில், என்னையும் சேர்த்து, பெரும்பாலோர் கறுப்பு.

இது எங்கள் மாடியில் மட்டும் நடப்பதல்ல. இந்தக் கதையைப் பற்றி வந்த பேச்சுகளையும் முன்னுரைகளையும் நானும் ஓரளவு கேட்டும் படித்தும் இருக்கிறேன். மொழியின் நுட்பம், குழந்தை மனம், பூப்பு, தாய்க்கும் மகளுக்கும் இடையிலான விரிசல் என்று எல்லாம் வரும். நிறம் என்பது விரிசலுக்கான காரணமாக ஒரு வாக்கியத்தில் வந்து போகும். எனக்குச் சண்டை அந்த ஒற்றை வாக்கியத்தோடுதான்.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் 'கசடதபற' இதழில் வந்த கதை இது; பின்னர் 'சிறகுகள் முறியும்' தொகுப்பில் சேர்ந்தது. பதின்மூன்று வயதை எட்டிய ஒரு கறுப்புச் சிறுமி தன் அம்மாவை நினைத்துப் பார்க்கிறாள். அம்மா சிவப்பு, அழகு. வெந்நீர் அடுப்பு, எண்ணெய், சீயக்காய், நெருப்பு வெளிச்சத்தில் அம்மாவின் முகம், ஹோமத்தின் அக்னி என்று நினைவுகள் ஒளியாகவே வருகின்றன. நீ மட்டும் ஏன் வெளுப்பு, நான் ஏன் கறுப்பு என்று அவள் கேட்கும்போது அம்மா சிரித்து, உன் அழகு யாருக்கு வரும் என்கிற விதமாகப் பதில் சொல்கிறாள். பிறகு தங்கையின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா ஊருக்குப் போய்விடுகிறாள். அவள் இல்லாத நேரத்தில் சிறுமி வயதுக்கு வருகிறாள். என்ன நடந்தது என்று பயம். மற்றவர்கள் சொல்வது எதுவும் அந்தப் பயத்தைத் தொடவில்லை. அம்மா வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். அங்கே பெண்ணைக் கறுப்பு என்று வேண்டாம் சொல்லிவிட்டார்கள். வந்த கையோடு மகளைப் பார்த்து, இதற்கு உனக்கு என்ன அவசரம், இனி இதுவும் ஒரு பாரம் என்று எரிந்து விழுகிறாள். கதை ஏறக்குறைய அங்கே முடிகிறது.

நாம் இந்தக் கதையைப் படித்து முடித்ததும் கூண்டில் ஏற்றுவது யாரை? தலைப்பே சொல்லிவிட்டது, அம்மாவை. கொலைக்கு ஒரு கொலையாளி, ஒரு சாட்சி, ஒரு பிணம். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அந்தத் தலைப்பு ஒரு குழந்தை எழுதிய தீர்ப்பு. பதின்மூன்று வயதில் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்றவள் அம்மா மட்டும்தான். ஐம்பது வயதில் வாசிக்கிற நானும் அந்தத் தூரத்திலேயே நின்றுகொண்டால் எப்படி?

பெண் பார்க்க வந்தவர்கள் எங்கே? கதையில் அவர்கள் நேரில் வருவதே இல்லை. அவர்களுக்கு முகமில்லை, பேச்சில்லை. மாப்பிள்ளை குட்டையா நெட்டையா, அவன் என்ன நிறம் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் சொன்ன ஒற்றைச் சொல் மட்டும் ஊர்விட்டு ஊர் வந்து, அம்மாவின் வாய் வழியாக வெளியே வந்து, அந்த ஊருக்கே போகாத ஒரு குழந்தையின்மேல் விழுகிறது. மறுத்த வீட்டார் இதற்குள் வேறொரு வீட்டில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதற்கு என்ன தலைப்பு வைப்பது?

மொழிக்கு வருகிறேன். அந்த மாடியில் முதலில் வந்த பாராட்டு அதுதானே. உண்மைதான், ஒரு குழந்தையின் உடம்பு ஞாபகம் வைத்திருப்பதைச் சொல்ல அம்பைக்குக் கிடைத்த மொழி தமிழில் பலருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மொழி எதன்மேல் விழுந்து மின்னுகிறது என்று பாருங்கள். தீ, சுடர், வெளுப்பு, ஜொலிப்பு எல்லாம் அம்மாவின் பக்கம். குழந்தையின் பக்கம் ஒரு கேள்வி மட்டும், நான் ஏன் கறுப்பு. அதாவது அம்மா அந்தக் கொடுஞ்சொல்லைச் சொல்வதற்கு வெகுமுன்பே, கொஞ்சலின் நடுவிலேயே, எது ஒளி எது இருட்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. வெந்நீரோடு அதுவும் மேலே ஊற்றப்பட்டது. கதை இதை மறைக்கவில்லை, அதுதான் அதன் நேர்மை. மறைப்பது நாம். வருணனையின் அழகில் லயித்து, அழகின் இலக்கணத்தை யார் எழுதினார்கள் என்று கேட்காமல் பக்கத்தைப் புரட்டுகிறோம். வகுப்பறையில் இந்தக் கதையை நடத்துகிற ஆசிரியைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உவமைகளைக் கோடிடச் சொல்லும்போது, ஒவ்வொரு உவமைக்கும் என்ன நிறம் என்றும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவின் அந்தச் சிரித்த பதிலும் எனக்கு இப்போது உறுத்துகிறது. உன் அழகு யாருக்கு வரும். எத்தனை அம்மாக்கள் சொன்ன பதில் அது! அன்பில்லாமல் யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறாய் என்பதும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒருநாள் பொங்கல் பானை அடிபிடித்தபோதுதான் உறைத்தது. காந்தல் என்பது அடிப்பிடித்ததைத் தூக்கி எறிய மனமில்லாமல் சுரண்டித் தின்பது. தீய்ந்து போனதும் ருசிதான், வீணாக்காதே என்று சொல்கிற அதே வாய்தான் கறுப்பும் அழகுதான் என்கிறது. எங்களைப் பாராட்டத் தமிழ் கண்டுபிடித்த பழமொழியில்கூட நாங்கள் பானையின் அடியில்தான் இருக்கிறோம்.

நம் பேச்சில் இதற்கென்று இருக்கும் சொற்களை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். 'நிறம் கம்மி.' கறுப்பு ஒரு நிறமே இல்லை, நிறத்தின் குறைவு. 'புதுநிறம்', 'மாநிறம்', இவை கறுப்பு என்று சொல்லாமலிருக்கத் தரகர் செய்யும் தருமங்கள். 'சிவப்பு' என்றால் சிவப்பு இல்லை. தக்காளியைச் சிவப்பு என்கிறோம், பெண்ணையும் சிவப்பு என்கிறோம், இரண்டும் ஒரே நிறமா? 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பதில் அந்த 'இருந்தாலும்' ஒரு சலுகை. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால், பிறந்த பிள்ளைக்குப் பயத்தமாவு, பள்ளி போகிற பிள்ளைக்கு 'வெயில்ல ஆடாத, கறுத்துருவ'. பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கி ஒரு நாள் விடாமல் நடக்கும் இந்தப் பயிற்சிக்கு என்ன பெயர்?

நிறவெறி என்று நான் சொன்னபோது கல்லூரிப் பெண் ஒருத்தி, "அது தென்னாப்பிரிக்காவுலக்கா" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டதைப் பள்ளியில் படித்தவர்கள்தானே நாம் எல்லோரும். அங்கே அது வெறி, இங்கே அது விருப்பம். வெள்ளைக்காரன் செய்தால் அரசியல், மாப்பிள்ளை வீட்டார் செய்தால் 'அவங்களுக்குப் பிடிக்கணும்ல'.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேசவும் முடியாது. கறுத்த பிராமணனையும் வெளுத்த தாழ்த்தப்பட்டவனையும் நம்பாதே என்கிற பொருளில் ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. அதன் சொற்களை அப்படியே எழுத எனக்கு மனமில்லை. எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று ஒதுக்கீடு செய்து, மாறிப் பிறந்தவரைச் சந்தேகப்படச் சொல்கிறது அது. அம்பையின் கதை ஹோமம் வளர்க்கிற வீட்டில் நடக்கிறது. அந்த வீட்டில் கறுப்பாகப் பிறந்த பெண் அழகில் குறைந்தவள் மட்டுமல்ல, இடம் மாறிப் பிறந்தவள். அம்மாவின் பதற்றத்தில் அந்தப் பயமும் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அதே சமயம் கறுப்பு என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாப் பெண்களையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடவும் கூடாது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதிலும் ஒரு பெண்குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வருகிறது, பிறகுதான் விஷயம் புரிகிறது. அங்கே எந்தப் பயத்தமாவும் உதவாது. சிவப்பாகப் பிறந்திருந்தாலும் நூலைப் பிடித்துத்தான் தூக்கியிருக்க வேண்டும்.

இதெல்லாம் விளம்பரக் கம்பெனிகள் செய்த வேலை என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் உண்டு. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியக் கடைகளுக்கு வந்தது 1975இல். அம்பையின் கதை அதற்கும் முந்தியது. கம்பெனி நம் வீட்டுக்குள் நோயைக் கொண்டுவரவில்லை. நோய் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து மருந்துக் குப்பியோடு வந்தது. 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமெங்கும் கூட்டம் தெருவுக்கு வந்த பிறகு, அந்தக் களிம்பு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஷாதி.காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. மினியாபொலிஸ் தெருவில் ஒரு மனிதனின் மூச்சு நின்றதற்கு, நம்மூர்ப் பெண்ணுக்கு ஒரு வடிகட்டி குறைந்தது. போட்டோ அப்படியே இருக்கிறது. போட்டோவை வெளுக்கவைக்கும் ஸ்டுடியோவும் இருக்கிறது.

ஆண்கள் கறுப்பில்லையா என்று அன்று அந்த மில் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. கறுப்பு ஆணுக்குத் தமிழ்நாட்டில் என்ன குறை? கறுத்த கதாநாயகர்களை நாம் தலையில் வைத்துக் கொண்டாடினோம், அவர்களோடு ஆட வெளுத்த பெண்களை வடக்கிலிருந்து வரவழைத்தோம். 2000இல் வந்த 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் கறுப்பைக் கொண்டாடும் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. அதில் பாடுகிறவள் பெண், கொண்டாடப்படுவது ஆணின் கறுப்பு. எங்கள் ஊர்க்காரர் கீரனூர் ஜாகிர்ராஜா தன் நாவல் ஒன்றுக்கு 'கருத்த லெப்பை' என்று பெயர் வைத்தார். ஆணுக்கு அது ஒரு பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். கருப்பசாமி ஊர்க் காவலுக்கு நிற்கிறார், அவருக்குக் கிடாய் வெட்டுகிறோம், பையனுக்கு அவர் பெயரை வைக்கிறோம். கருப்பாயி என்று பெயர் வைக்கப்பட்ட என் அப்பத்தாவின் பெயரை மட்டும் எங்கள் வீட்டில் எந்தப் பேத்திக்கும் வைக்கவில்லை. எனக்கு வைக்கத்தான் முதலில் நினைத்தார்களாம். ஏற்கெனவே கறுப்பு, பெயர் வேறு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

அம்பையின் கதைக்குச் சற்று முன்னால், 1970இல், அமெரிக்காவில் டோனி மாரிசன் தன் முதல் நாவலை வெளியிட்டார். பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று ஏங்குகிற கதை. அதிலும் மகளைத் தள்ளிவிடுகிற ஓர் அம்மா இருக்கிறாள். வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்க்கிற பாலின். அந்த வீட்டுச் சமையலறையில் பெக்கோலா தவறுதலாகச் சூடான பலகாரத்தைத் தட்டிவிட, பாலின் தன் மகளை அடித்துவிட்டு, அழுகிற வெள்ளைக் குழந்தையைச் சமாதானப்படுத்துகிறாள். படிக்கும்போது கை நடுங்கும். ஆனால் மாரிசன் அங்கே நிறுத்தவில்லை. பாலினிடம் போய் உட்காருகிறார். இவள் எங்கே பிறந்தாள், சினிமாக் கொட்டகையில் என்ன பார்த்தாள், அழகு என்பதை யாரிடம் கற்றாள் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார், பாலினின் குரலிலேயே பேசவும் விடுகிறார். தாயை மன்னிப்பதற்காக அல்ல, சங்கிலியின் அடுத்த கண்ணியைக் காட்டுவதற்காக. அம்பையின் கதை சில பக்கச் சிறுகதை, அதுவும் குழந்தையின் பார்வை. அந்த வேலையை அது செய்ய முடியாது. செய்ய வேண்டியவர்கள் வாசிக்கிற நாம். அம்மா அந்த ஊரில் எங்கே நின்றுகொண்டிருந்தாள்? தங்கை அழுதபோது என்ன சொன்னாள்? திரும்பி வரும் வழியெல்லாம் எத்தனை பவுன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாளா? அந்தக் கணக்கில் தன் மகளின் முகம் வந்ததா? இவற்றைக் கேட்காமல் 'கொடுமைக்கார அம்மா' என்று மூடி வைத்தால் கொலைக்கு உடந்தையான மற்ற எல்லோருக்கும் விடுதலை கிடைத்துவிடுகிறது. பெண்ணைக் கொண்டே பெண்ணைக் குத்திவிட்டு, பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி என்று கைதட்டிச் சிரிப்பவர்களுக்கு இந்தக் கதையை நாமே வெல்லம் தடவிக் கொடுக்கிறோம்.

சென்னையில் 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கறுப்பும் அழகு என்று மெய்ப்பிப்பது என் வேலை இல்லை. அழகாயிருந்தால்தான் ஜமுக்காளத்துக்கு முன்னால் வந்து நிற்கலாம் என்கிற ஏற்பாட்டிலேயே கறுப்புக்கும் ஓர் இடம் கேட்டு வாங்குவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த ஜமுக்காளத்தைச் சுருட்ட வேண்டும்.

இவ்வளவு எழுதிவிட்டு என் பங்கைச் சொல்லாமல் விடமுடியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா மத்தியானத்திலிருந்து அடுப்படியில் நின்றாள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்தாள். அக்கா முகத்தில் பவுடர் கழுத்துவரை பூசியிருந்தது, கைகள் அவள் கைகளாகவே இருந்தன. மூன்றாம் நாள் தரகர் வந்து, "நிறம் கம்மிங்கிறாங்க. ஒரு அஞ்சு பவுன் சேத்துப் போட்டா யோசிக்கலாம்ங்கிறாங்க" என்றார். அன்று ராத்திரி, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் முன்னால் அம்மா தட்டை வைத்துவிட்டு, "நீ வேற இருக்க" என்றாள். அவ்வளவுதான். மூன்று சொல். நான் அந்தச் சோற்றைத் தின்னவில்லை. அந்த மூன்று சொல்லை என் தோழிகளிடமும் கணவரிடமும் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அம்மா இறந்த பிறகும் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க வந்த ஐந்து பேரில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகமில்லை. பஜ்ஜி எத்தனை மிஞ்சியது என்பதுகூட ஞாபகமிருக்கிறது.

இதை அன்று மாடியில் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான்கு வருடங்களுக்கு முன்னால் கணவரின் தம்பி மகனுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெரியம்மா வராமல் எப்படி என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வீட்டார் வாசலுக்கு ஓடிவந்து வரவேற்றார்கள். நான்தான் முதலில் போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். பெண் காபி கொண்டுவந்தாள். பி.காம். முடித்துவிட்டு சி.ஏ. படிக்கிறேன் என்றாள். குரல் தெளிவாக இருந்தது. அவள் அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்ததுபோல் இருந்தது, நானும் கறுப்பு என்பதால் இருக்கலாம். திரும்பி வரும்போது காரில், "எல்லாம் சரி, நிறம்தான் கொஞ்சம்…" என்று முன்சீட்டில் யாரோ இழுத்தார்கள். பையன் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததுபோல ஓர் அமைதி. நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தரகருக்குப் போன் போயிற்று.

அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தங்கை இருந்தாள். எட்டாம் வகுப்பு என்றாள். எங்கள் செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.